வழிதல் தடுப்பு உயர்மட்டக் குழு

மலையடிவார வனவிலங்கு நடமாட்ட முன்னறிவிப்பு மற்றும் பொதுமக்கள் விழிப்பூட்டல் வாரியம் என்ற பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் போடிநாயக்கனூரில் ஒருவரும் இல்லை. பெயர்ப் பலகை அலுவலக முகப்பில் அடங்காமல் பக்கத்து ஏலக்காய்க் கிடங்கின் சுவரில் நாலடி ஏறி நின்றது. கிடங்குக்காரர் இரண்டு முறை மனு கொடுத்துப் பார்த்தார். பிறகு தன் கதவை இடித்துத் தள்ளி வைத்துக்கொண்டார்.

வாரியத்தின் வேலை ஒன்றே ஒன்று. ராசிங்காபுரத்திலிருந்து தேவாரம் வரைக்கும் மலையடிவாரத்தில் நாற்பத்தொரு கம்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கேமரா, ஓர் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. கேமராவில் யானை தெரிந்தால் அட்டை ஒரு செய்தியைத் தயாரித்து அந்தப் பக்கத்துக் கைபேசிகளுக்கெல்லாம் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவை மட்டும் செய்தால் வாரியம் எதற்கு? அதனால் தைப்பொங்கல் வாழ்த்து, தலைவர் பிறந்தநாள் வாழ்த்து, துணைத்தலைவர் பேரனுக்குக் காது குத்திய வாழ்த்து எல்லாமே அதே கம்பங்களிலிருந்துதான் ஊருக்குப் போயின.

சிவரஞ்சனி அங்கே ஒப்பந்தப் பணிக்கு வந்ததற்குச் சம்பளம் காரணமில்லை. கோயம்புத்தூரில் ஆறு வருடம் லிஃப்டுக்கும் பம்புக்கும் உள்ளே இருக்கும் சில்லுகளுக்கு நிரல் எழுதியவள் அவள். தேவாரத்துக்கு மேற்கே, மலை இறங்கி முடிகிற இடத்தில், மேட்டுக்காட்டில் அவளுடைய அப்பா பெரியகருப்பனுக்கு ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம். மும்முனை மின்சாரம் காலை ஐந்தரைக்கு வந்து எட்டரைக்குப் போய்விடும். அதற்குள் மோட்டாரைப் போட்டு மடை திருப்பியாக வேண்டும். யானையும் சோளத்தைத் தின்று முடித்து மலை ஏறுவது அந்த நேரத்தில்தான். போன தை மாதம் அடுத்த காட்டு ராஜாராம் அப்படி எதிரே போய் மாட்டி ஒரு காலை இழந்தார். அன்றைக்குக் கம்பம் வாயைத் திறக்கவில்லை. அடுத்தது தன் அப்பாவாக இருக்கக் கூடாது என்றுதான் அவள் வந்தாள்.

கம்பங்கள் ஏன் ஊமையாகின்றன என்று வாரியம் ஏற்கெனவே ஆராய்ந்து முடித்திருந்தது. முதலில் குரங்கு என்றார்கள். பிறகு இடி என்றார்கள். கடைசியில் திருஷ்டி என்று முடிவாகி, நாற்பத்தொரு கம்பத்தடியிலும் பூசணிக்காய் உடைத்து, உடைத்ததற்குப் புகைப்படமும் ஒட்டிக் கோப்பை மூடியிருந்தார்கள்.

சிவரஞ்சனி ஒரு பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து மூன்று நாள் உட்கார்ந்தாள். நான்காம் நாள் காரணம் பிடிபட்டது. செய்தியை எழுதி வைக்க அட்டையின் நினைவகத்தில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். தமிழில் வெறும் எழுத்துக்கு மூன்று இடம், புள்ளியோ கொம்போ காலோ சேர்ந்தால் ஆறு. முதலில் எழுதியவன் செய்தியைக் கோத்துத் தர ஸ்பிரிண்ட்எஃப் என்ற கட்டளையைப் போட்டிருந்தான். அதற்கு அளவு என்பதே தெரியாது. கொடுத்ததையெல்லாம் எழுதும். படி நிறைந்ததைப் பார்க்காமல் கொட்டிக்கொண்டே இருப்பவனைப் போல, ஐந்நூற்றுப் பன்னிரண்டு முடிந்த பிறகும் எழுதிக்கொண்டே போகும். வழிந்தது பக்கத்து இடத்தில் விழும். பக்கத்து இடத்தில்தான் அட்டை தான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் குறித்து வைத்திருந்தது. அந்தக் குறிப்பின் மேல் வாரியத் தலைவரின் பட்டம் போய் உட்கார்ந்ததும் அட்டைக்குத் தான் யார் என்பதே மறந்துபோய், அப்படியே நின்றுவிடும்.

தலைவரின் பட்டம் அங்கே எப்படி வந்தது? வாரியத்தில் மரியாதைப் பட்டியல் என்று ஒன்று உண்டு. எந்தச் செய்தி போனாலும் அந்தப் பட்டியல் முன்னால் போகும். மாண்புமிகு வாரியத் தலைவர், மலைக்காவலர், அவர் பெயர். துணைத்தலைவர், வனச்செம்மல், அவர் பெயர். இவர்களின் நல்வழிகாட்டுதலின்படி பொதுமக்களுக்குத் தெரிவிப்பது. அதற்கப்புறம் 'மேட்டுக்காட்டில் யானை', கடைசியாக வெளியே வர வேண்டாம் என்ற எச்சரிக்கை, தேதி, நேரம். முதலில் பட்டியல் சின்னதாக இருந்தது, கம்பங்களும் பேசின. மலைக்காவலர் பட்டம் வந்தது. வனச்செம்மல் பட்டம் வந்தது. ராஜாராமுக்குக் கால் போயிற்று.

கண்டுபிடித்ததை எடுத்துக்கொண்டு மண்டல இணை இயக்குநர் விஜயகுமாரிடம் போனாள். அவர் யானையைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதியவர். யானையைப் பார்த்ததில்லை.

"ரெண்டே திருத்தம்தான் சார். எஸ்என்பிரிண்ட்எஃப்னு இன்னொரு கட்டளை இருக்கு. அதுகிட்ட எவ்வளவு இடம்னு சொல்லிட்டா அதுக்கு மேல எழுதாது. மிச்சத்த வெட்டிரும். பெட்டி நிக்காது."

"வெட்டிருமா?" விஜயகுமார் பேனாவைக் கீழே வைத்தார். "யார் பேரை வெட்டும்?"

"பேரை இல்ல சார், கடைசில இருக்கறத வெட்டும். அதனாலதான் ரெண்டாவது திருத்தம். ஊர் பேரையும் யானையையும் முதல்ல போட்டுருவோம். பட்டமெல்லாம் பின்னாடி. வெட்டுப்பட்டாலும் பட்டத்துல ஒண்ணு ரெண்டு போகும். ஆளுக்குச் சேதாரம் இருக்காது."

அவர் அவளைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, பரிதாபம்தான்.

"ஏம்மா, தலைவருக்கு முன்னாடி யானை நிக்கணும்கிற. இதை நான் எந்த வாயால மேல சொல்றது? யானை காட்டுக்குள்ள இருக்கு, அது கோவிச்சுக்காது. தலைவர் சென்னையில இருக்காரு."

ஆனாலும் விஷயம் பெரியது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வாரியத்தில் விஷயம் பெரியது என்றால் குழு போடுவார்கள். வழிதல் தடுப்பு உயர்மட்டக் குழு பதினைந்தே நாளில் பிறந்தது. ஒன்பது உறுப்பினர்கள், சால்வை, மேளம், போடியில் ஒரு கல்யாண மண்டபம். நிரல் எழுதத் தெரிந்தவர் குழுவில் ஒருவரும் இல்லை. இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதியிருந்தது. சிவரஞ்சனி பன்னீர் தெளிக்கும் இடத்தில் நின்றாள்.

தலைவர் பேசினார். "யானைகள் வரும், போகும். ஆனால் யானை வருகிறது என்று சொன்னவர் யார்? வரலாறு அதைத்தான் கேட்கும். எங்கள் அன்பு வழிகிறது என்றால், அதைத் தாங்கிக்கொள்ள முடியாத பெட்டிகள்தான் வெட்கப்பட வேண்டும்!" கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. அன்று மாலையே குழுத் தலைவரின் பெயரும் மரியாதைப் பட்டியலில் ஏறியது. அதுவரை வாரத்துக்கு இரண்டு கம்பம் நின்றுகொண்டிருந்தது. மறுநாள் பன்னிரண்டு நின்றன.

குழு முதல் கூட்டத்தில் சிவரஞ்சனியைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசச் சொன்னது. இடம் போதவில்லை என்று அவள் சொன்ன மட்டில் கேட்டுக்கொண்டு, மிச்ச நாலு நிமிடத்துக்குத் தேநீர் கொடுத்தது. அடுத்த மாதம் நாற்பத்தொரு புதிய பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் பீரோ உயரம். இரண்டு பேர் தூக்கிக் கம்பத்தில் கட்டினார்கள். உள்ளே பழைய அட்டை, பழைய ஐந்நூற்றுப் பன்னிரண்டோடு, அப்பா சட்டைக்குள் நுழைந்த பிள்ளை மாதிரி ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கனம் தாங்காமல் பொட்டிபுரம் கம்பம் மூன்றாம் நாள் சாய்ந்தது. அதைச் சாய்த்தது யானை என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு வழிதல் தடுப்பு வாரம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெயிலில் ஊர்வலம் போனார்கள். அலுவலகத்தில் எல்லாரும் வலது கையை நீட்டி, "எந்நிலையிலும் வழிய மாட்டோம்" என்று உறுதிமொழி எடுத்தார்கள். டிரைவரும் எடுத்தார். அலுவலக வாசலில் 'இது வழியாத வளாகம்' என்று பலகை மாட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவரஞ்சனி தேவாரத்துக்குப் போயிருந்தாள். பெரியகருப்பன் சோளக் கதிர் ஒன்றை உரித்துக் காட்டினார். பால் ஏறியிருந்தது.

"இந்த மணம்தான் அதுக்குப் பத்து மைல் அடிக்கும். மேல ஒத்தக் கொம்பன் ஒண்ணு திரியுதுன்னு எஸ்டேட்டு ஜீப்புக்காரய்ங்க சொல்றாய்ங்க," என்றார். "ஒங்க கம்பம் சரியாயிருமா ஆத்தா?"

"ஆயிரும்ப்பா. அது பேசுனா மட்டும் நம்புங்க."

"நீ பண்றத நம்பாம வேற யார நம்பப் போறேன்?"

அந்த ஒரு பேச்சில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. திங்கட்கிழமை நேரே விஜயகுமார் அறைக்குப் போய், கதிர் முற்றிவிட்டது, இனிமேல் காத்திருந்தால் ஆள் சாகும் என்று சத்தமாகவே சொன்னாள். அவரும் நல்ல மனநிலையில் இருந்தார். வழிதல் தடுப்பு வாரம் வெற்றி என்று பத்திரிகையில் வந்திருந்தது.

"சரி. முதல் திருத்தம் போட்டுக்க. வழியாம இருந்தா சரி. வரிசையில மட்டும் கை வைக்காத."

அவள் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கம்பம் ஒரேயடியாக ஊமை. ஆனால் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் புதிய கட்டளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எழுதி முடித்ததும், முழுச் செய்திக்கும் எவ்வளவு இடம் தேவைப்பட்டிருக்கும் என்று ஓர் எண்ணைத் திருப்பிச் சொல்லும். கேட்பவர்கள் குறைவு, அது பாட்டுக்குச் சொல்லும். சிவரஞ்சனி கேட்டாள். தேவை கையிருப்பைவிட அதிகமென்றால் பட்டியலை விட்டுவிட்டு ஊர் பேரையும் யானையையும் மட்டும் அனுப்பு என்று மூன்று வரி சேர்த்தாள். ஆறு மாதத்தில் அவள் செய்த உருப்படியான வேலை அந்த மூன்று வரிதான்.

அது குழுவுக்குப் போனது. நிரல் தெரியாதவர்களாக இருந்தாலும் பட்டியல் விடுபடும் என்ற இடம் மட்டும் அவர்களுக்குப் பளிச்சென்று புரிந்தது. விஜயகுமார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கம்பம் முடிவெடுக்குமாம்மா? இன்னைக்குத் தலைவர் பேரு வேணாம்னு ஒரு கம்பம் முடிவெடுக்குமா? எனக்கே அந்த அதிகாரம் இல்ல. எடுத்துரு. இல்லேன்னா முதல் திருத்தத்துக்கும் கையெழுத்து கிடையாது."

அன்று அவள் விரலால் எண்ணிப் பார்த்தாள். அப்போதைய பட்டியலை வைத்து, கடைசி எச்சரிக்கையும் தேதியும் வெட்டுப்பட்டாலும் 'மேட்டுக்காட்டில் யானை' என்பது முழுதாக உள்ளே அடங்கியது. பதினேழு இடம் மிச்சம்கூட இருந்தது. குறுகலான கணக்குத்தான், ஆனால் கணக்கு. மூன்று வரியையும் அழித்தாள். பட்டியலில் புதிதாக எது ஏறினாலும் தன்னிடம் சொல்லிவிட்டு ஏற்ற வேண்டும் என்று கண்காணிப்பாளர் சம்சுதீனிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். பட்டியலை அலுவலகக் கணினியிலிருந்து தட்டி அனுப்புவது அவர் பொறுப்பு. போடிக்காரர், ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது.

"சொல்றேம்மா. கண்டிப்பா சொல்றேன்," என்றார். மனதாரத்தான் சொன்னார்.

இரண்டு வாரம் கம்பங்கள் பேசின. ராசிங்காபுரத்தில் ஒரு நாள், தேவாரத்தில் மூன்று நாள், செய்தி வந்தது, சனங்கள் உள்ளே இருந்தார்கள், யானை தின்றுவிட்டுப் போனது. பெரியகருப்பன் ஊர் முழுக்க, என் மக செஞ்சது, என் மக செஞ்சது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாவது வாரம் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் ஒரே மேடையில் மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. வழிதல் தடுப்பில் ஆற்றிய தொண்டுக்காக. சிவரஞ்சனிக்கு அன்று மண்டபத்தில் நாற்காலி போடும் பொறுப்பு. மேடையிலிருந்தே விஜயகுமார் சம்சுதீனுக்குப் போன் அடித்து, விழா முடிவதற்குள் பட்டியலில் ஏற வேண்டும் என்றார். சம்சுதீன் ஏற்றினார். சிவரஞ்சனிக்கு இரண்டு முறை போன் போட்டார். மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மதிப்புறு முனைவர் என்பதற்கு, பின்னால் விடும் இடைவெளியோடு, ஐம்பது இடம். இரண்டு பேருக்கு நூறு.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு, போடியில் அவள் தங்கியிருந்த அறையில் போன் அடித்தது.

"ஆத்தா, முழிச்சிட்டியா? போன்ல ஒண்ணு வந்துருக்கு. ஒங்க ஆபீசுதான்."

"என்னப்பா போட்டுருக்கு?"

"மாண்புமிகுன்னு ஆரம்பிக்குது. மதிப்புறு முனைவர்னு ரெண்டு எடத்துல வருது. பேராத்தான் போகுது. கடைசில பொதுமக்களுக்குத் தெரின்னு போட்டு ஒரு கருப்புக் கட்டம். அதோட சரி."

அவளுக்குக் கண் திறக்கவில்லை. முந்திய நாள் முந்நூறு நாற்காலி தூக்கிய உடம்பு.

"நேத்துப் பட்டம் வாங்குனாங்கப்பா. அதுக்கு வாழ்த்தா இருக்கும். நீங்க போய் வெரசா மோட்டாரப் போடுங்க, கரண்டு போயிறப் போகுது."

"அதான் நானும் நெனச்சேன். சரி ஆத்தா, படு."

அவள் படுத்தாள். கருப்புக் கட்டம் என்ற சொல் காதில் கிடந்தது. ஆறு இடம் பிடிக்கும் எழுத்தைப் பாதியில் வெட்டினால், வெட்டுப்பட்ட மிச்சம் எழுத்தாகத் தெரியாது, கட்டமாகத்தான் தெரியும். உலகத்திலேயே இது தெரிந்திருக்க வேண்டிய ஆள் அவள்தான். சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்குத் திரும்பப் போன் போட்டாள். மணி அடித்தது. மறுபடி போட்டாள். அம்மா பொன்னுமணி எடுத்து, அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆகிறது என்றாள்.

பெரியகருப்பனை மோட்டார் கொட்டகைக்கு இருபதடி தள்ளி எடுத்தார்கள். எப்படி என்று நான் எழுத மாட்டேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எட்டரைக்கு மின்சாரம் போகும்வரை அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

விசாரணையை வழிதல் தடுப்பு உயர்மட்டக் குழுவே நடத்தியது. ஒன்பது பேரும் கருப்புப் பட்டை குத்திக்கொண்டு வந்தார்கள். விஜயகுமார் எழுந்து அறிக்கை படித்தார். சம்பவ நாளன்று காலை செய்தி உரிய நேரத்தில் தயாரானது. உரிய நேரத்தில் சென்று சேர்ந்தது. ஒதுக்கப்பட்ட ஐந்நூற்றுப் பன்னிரண்டு இடத்துக்கு வெளியே ஓர் இடம்கூட வழியவில்லை. குழு அமைக்கப்பட்டதன் நோக்கம் முழுமையாக நிறைவேறியுள்ளது.

"சார், அந்தக் கட்டளை எவ்வளவு இடம் வேணும்னு சொல்லுச்சு," என்றாள் சிவரஞ்சனி. "கேட்கற மூணு வரியத்தான் நீங்க அழிக்கச் சொன்னீங்க."

"அழிச்சது யாரு?"

"நான்தான்."

"அன்னைக்குக் காலையில உங்க அப்பா உங்களுக்குப் போன் பண்ணினாரா?"

"பண்ணினாரு."

"போகலாம்னு சொன்னது யாரு?"

சம்சுதீன் கதவோரம் நின்று கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான்தான்," என்றாள்.

எழுதிக்கொண்டார்கள். அறிக்கையில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் எங்கும் வெட்டுப்படாமல் முழுதாக இருந்தது. பரிந்துரைகள் இரண்டு. ஒன்று, ஒப்பந்தப் பணியாளரை விடுவிப்பது. இரண்டு, நீளமான பெயர் வைத்திருக்கும் ஊர்கள் பொதுநலன் கருதித் தங்கள் பெயரைச் சுருக்கிக்கொள்வது. மேட்டுக்காட்டுக்கு நோட்டீஸ் வந்தது. ஒரு மாதத்துக்குள் மூன்று எழுத்துக்கு மிகாமல் மாற்றுப்பெயர் தெரிவிக்க வேண்டும்.

ஊரில் யாரும் பதில் போடவில்லை. சொல்லிவைத்தது போல வேறொன்று செய்தார்கள். வாரியத்திலிருந்து என்ன வந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எது வாழ்த்து, எது யானை என்று பிரித்துப் பார்க்கிற துணிச்சல் ஒருவருக்கும் இல்லை. பொங்கல் வாழ்த்துக்குச் சாத்தினார்கள். மரம் நடு விழாவுக்குச் சாத்தினார்கள். தலைவர் பிறந்தநாளுக்குக் காலை முழுவதும் மலையடிவாரத்தில் ஒரு மோட்டார் ஓடவில்லை. வாரியம் கணக்கெடுத்துப் பார்த்து மலைத்துப்போனது. செய்தி கிடைத்ததும் நூற்றுக்கு நூறு பேர் வீட்டுக்குள்! இப்படி ஒரு கீழ்ப்படிதலை எந்த நாட்டிலும் கண்டதில்லை என்று டெல்லியிலிருந்து ஒரு விருது அறிவித்தார்கள். விருதின் பெயர் மிக நீளமானது.

விருது அறிவித்த மறுநாள் காலை ஐந்தரைக்குத் தேவாரத்து வீட்டில் போன் ஒலித்தது. சிவரஞ்சனி மண்வெட்டியோடு வாசற்படியில் நின்றாள். இரண்டு நாளாகத் தண்ணீர் பாயாமல் சோளம் இலை சுருண்டு கிடந்தது. செய்தியைத் திறந்தாள். பெயர்கள், பட்டங்கள், விருது, ஒரு கருப்புக் கட்டம்.

பொன்னுமணி உள்ளேயிருந்து வந்து அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"என்னடி சொல்லுது? வாழ்த்தா, யானையா?"

"தெரியலம்மா."

"நீ செஞ்ச மிசினுதான? பாத்துச் சொல்லு."

"நான் செஞ்சதுதாம்மா. எனக்குத் தெரியல."

பொன்னுமணி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். மின்சாரம் வந்திருந்தது. எட்டரை வரை இருக்கும்.